பிராடோ அண்ணை

அளவெட்டியில் எந்தச் சந்தியில் நின்று "பிராடோ அண்ணையின்ர வீடு எது?" என்று கேட்டாலும் யாராவது கைநீட்டிக் காட்டுவார்கள். ஆனால் இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு வீடு காட்டுவார்கள். ஆகவே இதைப் படிக்கிற எந்த அண்ணையும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நான் சொல்வது அடுத்த ஒழுங்கை அண்ணையை.

வயது அறுபதை ஒட்டியிருக்கும். பென்ஷன் எடுத்தவர். மகள் ஸ்காபரோவில், மகன் சூரிச்சில். வீட்டுக்குப் பின்னால் செம்மண் தோட்டம், வெங்காயம், ஒரு போகம் புகையிலை. கையில் சி.ரி. 100 மோட்டார் சைக்கிள். இப்படிப்பட்ட ஒருவருக்குப் பெரிய ஜீப் எதற்கு என்று கேட்பவர்கள் அவருடைய வீட்டு முகப்பைப் பார்க்காதவர்கள். மகளின் கல்யாணத்துக்கு முன் வீட்டைத் திருத்தியபோது மேசன் கேட்டான்: "அண்ணை, போர்ட்டிக்கோவும் ஒண்டு வைப்பமோ?" வைத்தாயிற்று. நாலு தூண், மேலே பிளேற், கீழே ரைல்ஸ். அதற்குப் பிறகு சில வருடம் அதற்குள் மோட்டார் சைக்கிளும் வெங்காயச் சாக்கும்தான் கிடந்தன. வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளைப் பார்ப்பார்கள், பிறகு தூணைப் பார்ப்பார்கள், பிறகு அண்ணையைப் பார்ப்பார்கள். எவ்வளவு காலத்துக்குத்தான் ஒரு மனிதன் இதைத் தாங்குவது?

"ஒரு சின்னக் கார் எடுத்தால் காணும்தானே, கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக" என்றார் அக்கா, அண்ணையின் மனைவி.

"உந்தத் தூணுகளுக்கு நடுவில அல்ரோவை விட்டால், ஆரோ செருப்பைக் கழட்டி வைச்சமாதிரிக் கிடக்கும்" என்றார் அண்ணை.

காலமும் அவர் பக்கம்தான் நின்றது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. வெளிநாடுகளில் ஒரு வாகனம் கடையை விட்டு இறங்கியதும் விலையும் இறங்கத் தொடங்கிவிடும். பத்து வருடம் ஓடிய பெரிய சொகுசு ஜீப் என்றால், அதை வைத்துச் சமாளிக்கிற செலவுக்குப் பயந்தே ஆட்கள் கிட்டப் போகமாட்டார்கள். இலங்கையில் அந்த வருடத்திலிருந்து கதை தலைகீழாகிவிட்டது. புது வாகனம் வராததால் பழையது ஏறியது. ஓட ஓட ஏறியது. பெயின்ற் உரிந்ததும் ஏறியது. அண்ணை இதைக் கவனித்து ஒரு முடிவுக்கு வந்தார்: வாகனம் வாங்குவது செலவே அல்ல, சேமிப்பு. "நகையை லொக்கருக்குள்ள பூட்டி வைக்கிறம். இதில ஏறி நல்லூருக்கும் போகலாம்" என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தினார். தோட்டக் காணி ஒரு துண்டு போனது. சூரிச்சிலிருந்து கொஞ்சம் வந்தது. மிச்சத்துக்கு லீசிங்.

கொழும்பில் பார்த்தது 150 மொடல் பிராடோ. மூன்று லீற்றர் டீசல் எஞ்சின், முத்து வெள்ளை, தோல் சீற். ஒரு டொக்டர் வைத்திருந்ததாம். இலங்கையில் விற்பனைக்கு வருகிற எல்லாப் பழைய வாகனங்களையும் ஒரு டொக்டர்தான் வைத்திருந்தார். விலை கொஞ்சம் கூட என்றால் அவர் லேடி டொக்டர். இத்தனை டொக்டர்மாரும் வாகனம் விற்றுக்கொண்டிருந்தால் நோயாளிகளை யார் பார்க்கிறார்கள் என்பது விளங்கவில்லை.

அண்ணை தனியாகப் போகவில்லை. மல்லாகத்திலிருந்து வாகனம் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனார். அந்த மனிதரைப் பற்றியே தனியாக எழுதலாம். விற்கிறவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நாங்கள் வரமுந்தி ஸ்ராட் பண்ணக்கூடாது." போனதும் பொனற்றில் கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. திருப்தி. முதல் ஸ்ராட்டில் புகை என்ன நிறம் என்று பின்னால் நின்று பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் விடுகிற மூடியைக் கழற்றி அந்தத் துவாரத்தின் மேலேயே தலைகீழாக வைத்தார். மூடி ஆடாமல் கிடந்தால் நல்லது. துள்ளினால் உள்ளே பிஸ்டன் றிங் தேய்ந்து காற்று மேலே தள்ளுகிறது என்று அர்த்தம். மூடி துள்ளவில்லை, இலேசாக நடுங்கியது. ரயர் நாலிலும் பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தை வாசித்தார். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். நாலு ரயருக்கும் நாலு வருடம். கடைசியாகக் குனிந்து பிரேக் பெடலைத் தடவினார். மீற்றரில் 92 ஆயிரம் கிலோமீற்றர் நின்றது. பெடல் றப்பரிலோ வரியே இல்லை, மொட்டையாகக் கிடந்தது.

"அண்ணை, மீற்றர் சொல்லுறதைக் கேக்காதேங்கோ. பெடலைக் கேளுங்கோ" என்றார் மெதுவாக.

அண்ணை கேட்கவில்லை. அவர் கதவின் முத்து வெள்ளையில் தன் முகத்தையும் அதற்குப் பின்னால் நாலு தூணையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு, பிறகு ஏ9 வீதியைப் பிடித்து, நானூறு கிலோமீற்றர் ஓடி வந்து, நேரே கும்பழாவளைப் பிள்ளையார் வாசலில் நிறுத்தினார்கள். நாலு சில்லுக்கும் எலுமிச்சங்காய், ஒரு தேங்காய், பொனற்றில் சந்தனம். சந்தனப் பொட்டை வைத்துக்கொண்டே ஐயர் கேட்டார்: "என்ன விலை போட்டியள்?" அண்ணை தான் கொடுத்த விலையைச் சொல்லவில்லை. "இப்ப போற விலை" என்று ஒன்றைச் சொன்னார். வாங்கி இரண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் இரண்டு இலட்சம் லாபம். பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்கல் ஒழுங்கையில் தொடங்கியது. பிராடோவின் அகலம் 1,885 மில்லிமீற்றர், அதாவது ஆறடி இரண்டு அங்குலம், கண்ணாடிகள் வேறு. அண்ணையின் ஒழுங்கை மாட்டு வண்டிலுக்காக விட்டது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கதியால் வேலி. கண்ணாடியை மடித்து, அக்கா முன்னால் நடந்து கைகாட்ட, அண்ணை ஊர்ந்து போவார். கிளுவங்கிளை முத்து வெள்ளையைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் அவர் உள்ளேயிருந்து "ஸ்ஸ்" என்பார். வேலியைக் கொஞ்சம் ஒதுக்கித் தரமுடியுமா என்று அடுத்த வீட்டுக்காரரைக் கேட்கலாம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் வேலியை ஒரு சாண் தள்ளச் சொல்வது மல்லாகம் கோட்டுக்குப் போகிற குறுக்குவழி. அண்ணை கிளையை வெட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை. கீறலுக்கு மாதாமாதம் பொலிஷ் வாங்குகிறார்.

இனி டீசல். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர் இது. கணக்கு என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் விரல் மடங்கும். அண்ணை பெரிய சி.ஆர். கொப்பி ஒன்று போட்டிருக்கிறார். லீற்றர் 280 ரூபாய் என்று வைத்தால், 87 லீற்றர் ராங்கை ஒருமுறை நிரப்ப 24 ஆயிரத்துக்கு மேல். நம்முடைய பாதையில் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர். ஆக கிலோமீற்றர் ஒன்று 35 ரூபாய். யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்வர ஆயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து அண்ணையின் உறவுமுறை எல்லாம் மாறிவிட்டது. மல்லாகத்து மச்சாள் நெருங்கிய சொந்தம். சுன்னாகத்துச் சித்தப்பா மகனும் விட்டுக்கொடுக்க முடியாத ஆள். பருத்தித்துறையில் இருக்கிற கூடப்பிறந்த தமக்கையோ இப்போது தூரத்துச் சொந்தம். வட்ஸ்அப்பில் கதைத்துக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு வைக்கிற என்வலப்பில் டீசலைக் கழிக்கிறார் என்றும் ஒரு கதை உண்டு. அதை நான் நம்பவில்லை. செத்த வீட்டுக்கு மட்டும் கணக்குப் பார்க்கமாட்டார், ஆனால் ஏழு சீற்றும் நிரம்பினால்தான் வெளிக்கிடுவார்.

மற்ற எல்லாவற்றுக்கும் சி.ரி. 100. சுன்னாகம் சந்தைக்கும், உர மூட்டைக்கும், வங்கிக்கும் அதுதான். பிராடோவை மூன்று நாளுக்கு ஒருதரம் போர்ட்டிக்கோவிலேயே ஸ்ராட் பண்ணி விடுவார், பற்றரி இறங்காமல் இருக்க. அந்த நேரம் ஏ.சி.யைப் போட்டு உள்ளே ஏறி இருந்து உதயன் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பார். வீதிக்கே இறங்காமல் டீசல் குடிக்க ஒரு ஜீப்புக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்தக் கணக்குக்கு முந்தி 2022 ஒன்று வந்து போனது. யூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய், அதுவும் செற்றில் இல்லை. பிறகு கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அல்ரோவுக்கும் 20, பிராடோவுக்கும் 20. சோசலிசக் குடியரசு என்று நாட்டின் பெயரில் இருப்பது உண்மைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 87 லீற்றர் ராங்கை நிரப்ப ஒரு மாதத்துக்கு மேல் வரிசையில் நிற்கவேண்டும். அண்ணை நின்றார். கியூவில் முன்னால் நின்ற கிழவர் ஒருவர், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது தன்னுடைய ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓடிய கதையைச் சொன்னார். கையில் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், காபரேற்றரில் கொஞ்சம் தெளித்து ஸ்ராட் பண்ணி, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. "உதுக்கு மண்ணெண்ணெய் விடேலாதோ தம்பி?" என்று கேட்டார். அண்ணைக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஏலாது என்பதற்குக் காரணம் இன்ஜெக்ரர். இந்த எஞ்சினுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். மிகுந்த அழுத்தத்தில் டீசலைப் பீச்சுகிற நாலு குழாய், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செப்பு வாசர். மோதிரத்தைவிடச் சின்னது. அது கசிந்தால் எரிந்த கரி எண்ணெய்க்குள் இறங்கும். கரி திரண்டு, எண்ணெயை உறிஞ்சுகிற வலையை அடைக்கும். அடைத்தால் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் ஓடும், கொஞ்ச நேரம். நல்லவேளை, அண்ணையின் வண்டி காலையில் தடதட என்று முனகத் தொடங்கியபோதே கராஜுக்குக் கொண்டுபோனார். ஏ40 காலத்து மெக்கானிக் காதை வைத்துக் கேட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பான். இந்தப் பொடியன் லப்ரொப்பை எடுத்து ஒரு வயரைக் கொழுவினான். திரையில் எழுத்து வந்தது. அண்ணையின் முகத்திலிருந்து இரத்தம் போனது. நாலு இன்ஜெக்ரருக்கும் ஆள் கொழும்புக்கு, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போனது. ஒரு போக வெங்காயம் அதோடு சரி. பிறகு நாலு ரயர், பிறகு ரைமிங் பெல்ற், பிறகு புல் இன்சூரன்ஸ், பிரதேச செயலகத்தில் வரிப் பத்திரம், புகைப் பரிசோதனை. ஒருமுறை எண்ணெய் மாற்ற ஏழு லீற்றர். சி.ரி. 100க்கு ஒரு லீற்றரே கூட.

இவ்வளவும் கொப்பியில் இருக்குமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கொப்பியை வாங்கிப் புரட்டினேன். டீசல் மட்டும்தான் இருந்தது.

"இன்ஜெக்ரர் எங்க அண்ணை?"

"அது செலவில்லை. வாகனத்துக்குப் போட்டது."

"ரயர்?"

"அதுவும் போட்டது. போட்டதெல்லாம் விலையில ஏறும் கண்டியளோ. நாளைக்கு விக்கேக்க நாலு புது ரயர், நாலு புது இன்ஜெக்ரர் எண்டு சொல்லலாம்."

பிராடோ அண்ணை என்கிற மனிதரை விளங்கிக்கொள்ள இந்தப் பதில் ஒன்றே போதும். அவருக்குப் பராமரிப்புச் செலவு என்று ஒன்று இல்லவே இல்லை. போனதெல்லாம் விலை. வண்டி எவ்வளவுக்கு எவ்வளவு காசைத் தின்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு அண்ணை பணக்காரர் ஆகிறார். உலகத்தில் எந்தக் கணக்காளரும் பிழை பிடிக்கமுடியாத ஏற்பாடு, வாகனத்தை விற்காமல் இருக்கிற வரைக்கும்.

ஒரு யூலையில் ரொறொன்ரோவிலிருந்து மச்சான் வந்தார். போர்ட்டிக்கோவைச் சுற்றி வந்து, சில்லை ஒருதரம் காலால் தட்டினார். "அங்க உப்பிடிப் பழைய லக்சரி ஜீப் எண்டால் ஒருத்தரும் தொடாயினம் அத்தான். வாங்கிற காசு கொஞ்சம், ஓட்டுற காசுதான் கனக்க" என்றார்.

"அதுதான் நீங்கள் அங்க குளிருக்க பஸ்ஸுக்கு நிக்கிறியள்" என்றார் அண்ணை. மச்சான் வைத்திருப்பது புதுக் கார். அது அண்ணைக்கும் தெரியும்.

"சரி, இதை இப்ப வித்தால் என்ன வரும்?"

அண்ணை சொன்னார். மச்சான் போனை எடுத்து அதைக் கனடா டொலருக்கு மாற்றிப் பார்த்தார். இன்னொருதரம் மாற்றிப் பார்த்தார். பிறகு அந்தக் கதையை விட்டுவிட்டு மாம்பழம் கேட்டார்.

2025 பெப்ரவரி முதலாம் திகதி இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அந்த மாதம் அண்ணையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உதயனை ஏ.சி. போடாமலே வாசித்தார். புது வாகனம் வந்து குவிந்தால் தன்னுடைய விலை என்னாவது? ஆனால் ஐந்து வருடம் முன்னர் 180 ரூபாய் சொச்சம் நின்ற அமெரிக்க டொலர் அப்போது 300ஐ ஒட்டி நின்றது, அதற்கு மேல் வரி வேறு. கப்பலில் வந்த புது ஜீப்பின் விலையைக் கேட்டவர்கள் திரும்பிப் பழையதையே தேடினார்கள். அண்ணைக்கு மூச்சு வந்தது. அன்று பின்னேரமே விலையில் இன்னும் ஐந்து இலட்சம் ஏற்றினார். அக்கா குசினியிலிருந்து, "அப்ப அந்த விலைக்கு வித்துப்போட்டு அல்ரோ ஒண்டு எடுங்கோவன்" என்றார். அதைக் கேட்காத பாவனையில் அண்ணை பொலிஷ் துணியைத் தேடினார்.

பிராடோ வாங்குகிற எண்ணம் உங்களுக்கு இருந்தால் அண்ணையின் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். வாகனத்தை விற்கமாட்டார். விலை மட்டும் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார், ரீயும் கிடைக்கும். காலையில் நேரத்துக்கே போங்கள், அவர் பேப்பர் வாசிக்க எஞ்சினைப் போட முந்தி. பிரேக் பெடலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவேண்டாம்.