துப்பிவிட்டேன், மாமா

அர்புவா, பிரான்ஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் வாட்ஸ்அப்பில் போட்ட படத்தை நம் தெருவில் யாரோ பெரிதாக்கிப் பார்த்து, என் கையில் இருப்பது ஆப்பிள் ஜூஸ் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்களாம். அம்மா போனில் அழுதாள். அப்பா திட்டினார். நீங்கள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமே அதுதான். போனில் பேசினால் உளறிவிடுவேன் என்று எழுதுகிறேன்.

கையில் இருந்தது ஒயின்தான். ஆனால் துப்பிவிட்டேன். சத்தியம். இங்கே ருசி பார்க்கிறவர்கள் எல்லோருமே துப்புகிறார்கள். அதற்கென்று மேஜை ஓரத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள். ஒரு வாய் வாங்கி, கொப்பளித்து, கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்து, துப்ப வேண்டும். முதல் தடவை என்னைப் பார்த்து ஓட்டல் முதலாளி அசந்துபோனார். வெற்றிலை போடுகிற ஊரிலிருந்து வந்தவனுக்குத் துப்பக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? நான் நின்ற இடத்திலிருந்தே வாளிக்கு நேராக அனுப்பினேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

நான் சமையல்கட்டில் வேலை செய்கிறவன். பரிமாறுகிற பண்டத்துக்கு எந்த ஒயின் சேரும் என்று எங்களுக்கும் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அர்புவா, ஜூரா மலையடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். டைனோசர் படத்தில் வருகிறதே ஜுராசிக், அந்தப் பெயரே இந்த மலையால் வந்ததுதான். லூயி பாஸ்டர் வளர்ந்தது இந்த ஊரில். குன்னூரில் நாய்க்கடி ஊசி தயாரித்த பாஸ்டர் நிறுவனம் இருக்கிறதல்லவா, அதே பாஸ்டர். அவர் இங்கே ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கிப் போட்டார். 1878-இல் கொடியில் இருந்த குலைகளைப் பஞ்சால் சுற்றிக் கட்டி, வெளியிலிருந்து ஈஸ்ட் வந்து ஒட்டாவிட்டால் திராட்சைச் சாறு புளிக்காது என்று காட்டினார். உங்கள் தறிக்கு மேலே தொங்குகிற ஜக்கார்டு பெட்டியைக் கண்டுபிடித்த ஜக்கார் என்பவரின் ஊரான லியோன் நகரமும் இங்கிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம்தான். ஆக, நான் கெட்டுப்போன தேசத்துக்கு வந்துவிடவில்லை என்பதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லவும்.

நம் ஊர் தெள்ளார் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. நந்திவர்ம பல்லவன் பாண்டியனை அங்கேதான் தோற்கடித்தான், அதனால் அவனுக்குத் 'தெள்ளாறெறிந்த' என்று பட்டமே உண்டு என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள். பக்கத்து ஊர் வந்தவாசி என்றதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். 1760 ஜனவரி 22-ஆம் தேதி அங்கே இங்கிலீஷ்காரனிடம் தோற்ற லாலி என்ற தளபதியைப் பின்னாளில், 1766-இல், பாரிஸில் தலையை வெட்டியே விட்டார்களாம். "உங்கள் ஊர்ப் பக்கம் எங்களுக்கு ராசியில்லை" என்று சொல்லி என் கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அதையும் துப்பிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் அன்று ருசி பார்த்தது வான் ஜோன் என்ற வெள்ளை ஒயின். வெள்ளை என்றுதான் பேர், நிறம் பழைய பித்தளை. சவன்யான் என்று ஒரே ஒரு திராட்சை வகையில் செய்கிறார்கள். மற்ற ஊர்களில் பீப்பாயில் இருக்கும் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய, மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், காற்றுப் பட்டால் காடியாகிவிடும் என்ற பயத்தில். இங்கே நிரப்புவதில்லை. பீப்பாயில் காலியிடம் விழ விழ, ஒயின்மேல் ஈஸ்ட் வெள்ளையாக ஆடை கட்டுகிறது. அந்த மெல்லிய ஆடைதான் அதற்குக் காவல். திராட்சை பறித்த வருடத்துக்குப் பின் ஆறாவது வருடம் டிசம்பர் 15 வரை பீப்பாயை விட்டு வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்று கணக்கு வைத்து, அந்த அளவுக்கே கிளாவ்லான் என்று குட்டையாக ஒரு புட்டி செய்திருக்கிறார்கள். மீதி எங்கே போயிற்று என்று கேட்டேன். அது தேவதைகளின் பங்காம். நம் ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கும் இந்தத் தேவதைகள்தான் பொறுப்பு என்பது இத்தனை காலம் தெரியாமல் போயிற்று.

புட்டியில் அடைத்த பிறகும் இதற்குச் சாவு கிடையாது. இந்த ஊரில் 1774-இல் செய்த வான் ஜோன் புட்டி ஒன்று, 2018 மே மாதம் ஏலத்தில் 1,03,700 யூரோவுக்குப் போனது. பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்த வருடத்து ஒயின். அவன் தலை போயிற்று, ஒயின் நன்றாகவே இருக்கிறது. அந்த விலை கொடுத்து வாங்கியவர் வாளி வைத்துத் துப்புவாரா என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அன்று எங்களுக்குத் திறந்தது 1989. சாப்பாட்டுக்குப் பல மணி நேரம் முன்பே திறந்து வைத்துவிட்டார்கள். மூக்கை விட்டு என்ன வாசனை என்று சொல்லச் சொன்னார்கள். டாஸ்மாக் வாசலில் இப்படி ஒருவன் மூக்கை விட்டுக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. முதல் ஆள் வால்நட் பருப்பு என்றார். அடுத்தவர் காளான் என்றார். இன்னொரு பெண்மணி தயங்கித் தயங்கி "இந்தியக் கறி" என்றுவிட்டு, என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். என் முறை வந்தது. முகர்ந்தேன். மாமா, அத்தை வெந்தயக் குழம்புக்குத் தாளித்த வாசனை! "வெந்தயம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். இங்கே அதற்கு என்ன பெயர் என்று போனில் தேடிக் காட்டியதும், முதலாளி மேஜையைத் தட்டினார். நான் ஏதோ அதிர்ஷ்டத்தில் சொன்னதாக நினைக்க வேண்டாம். சோட்டோலோன் என்று ஒரு வேதிப்பொருள், வெந்தயத்துக்கு வாசனை தருவதே அதுதான். ஈஸ்ட் ஆடைக்குக் கீழே வருடக்கணக்கில் கிடக்கிற இந்த ஒயினிலும் அதேதான் ஊறி நிற்கிறது. அந்தக் கணத்திலிருந்து சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிற வேலை எனக்கில்லை.

ருசியைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். முதல் வாய் பிடிக்கவில்லை. இனிப்பு துளியும் இல்லை, புளிப்பு பல்லைக் கூச வைத்தது, உப்புப் போலவும் ஏதோ ஒன்று. கோம்தே என்று இந்த ஊர்ப் பாலாடைக்கட்டியை ஒரு துண்டு கடித்த பிறகு வாங்கினால் ஆளே மாறிவிடுகிறது. பாலாடைக்கட்டியை நான் துப்பவில்லை.

பிறகு ஒரு மூத்த தோட்டக்காரர் இரண்டு கிளாஸ் வைத்தார். ஒரே வகைத் திராட்சை, ஒரே வருடம், ஒரே மாதிரி பீப்பாய். ஒன்று அர்புவாவில் விளைந்தது, மற்றது கொஞ்சம் தெற்கே ஷாத்தோ ஷலோன் என்ற ஊரில். முதலாவது முரட்டுத்தனமாக முட்டியது. இரண்டாவது மெதுவாக வந்தது, வாயை விட்டுப் போகத்தான் நேரமாயிற்று. ஷாத்தோ ஷலோன் ஊர் செங்குத்தான பாறையின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. திராட்சை அதன் கீழே சரிவில். பாறை முதுகைக் கொடுத்துக் குளிர்காற்றை மறிக்கிறது, வெயிலை வாங்கிக் கொடிமேல் திருப்பி விடுகிறது. மண் நீலச் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு கலந்த களி. மழைத் தண்ணீர் சரிவில் ஓடிவிடும், கோடையில் அடிமண்ணில் ஈரம் நிற்கும். கல்லின் ருசி வேர் வழியாக ஒயினில் ஏறுகிறது என்று இங்கே சில பேர் அடித்துப் பேசுகிறார்கள். அதை நான் நம்பவில்லை, விஞ்ஞானிகளும் அப்படி நேரடியாக ஏறுவதில்லை என்றுதான் சொல்கிறார்கள். வெயில், தண்ணீர், காற்று, பழம் எத்தனை மெதுவாகக் கனிகிறது, இவ்வளவுதான் இடம் செய்கிற வேலை. அதுவே கொஞ்சமில்லை.

ஆனால் என்னை மடக்கியது ருசி இல்லை. "நான் பிறந்த வருடத்து ஷாத்தோ ஷலோன் இருக்கிறதா?" என்று ஆசையாகக் கேட்டேன். எந்த வருடம் என்றார். 1984 என்றேன். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். 1984-இல் ஷாத்தோ ஷலோனே கிடையாதாம்! (என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும், வேண்டாம்.) 1936-இலேயே நம் புவிசார் குறியீடு மாதிரி அந்தப் பெயருக்குச் சட்டக் காப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் அவர்களாக ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அறுவடைக்கு முன்னால் ஒரு குழு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழத்தைப் பார்க்கும். சரியில்லை என்று பட்டால், அந்த வருடம் ஊரில் ஒருவருமே அந்தப் பெயரைப் போட மாட்டார்கள். 1974, 1980, 1984, 2001 நான்கு வருடமும் அப்படித்தான். பழத்தைக் கொட்டிவிடுவதில்லை. வட்டாரத்தின் பொதுப் பெயரில், குறைந்த விலைக்கு விற்றுக்கொள்வார்கள்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஜரிகை கறுத்துவிட்டது என்று ஒரு முகூர்த்தச் சேலையை ஆரணிக்கு அனுப்ப மாட்டேன் என்று நிறுத்தினீர்களே. வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்று தெருவே சொன்னது. "அவனுக்குத் தெரியாது, ஆரணின்னு பேரு போட்டு அனுப்பறேனே, எனக்குத் தெரியுமே" என்றீர்கள். கூலி போயிற்று, அந்தத் தீபாவளிக்கு அத்தை மட்டும் தெருவில் மகாலட்சுமி மாதிரி நடந்தாள். இதைக் கிழவரிடம் சொன்னேன். என் பிரெஞ்சில் எவ்வளவு புரிந்ததோ, ஆரணிக்காரர்கள் ஊரே கூடி அந்த வருடம் பெயரை நிறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை, என் மாமா ஒருவர் மட்டும்தான் என்றேன். விசைத்தறியில் ஓட்டியதையெல்லாம் ஆரணிப் பட்டு என்று விற்கிற கதையை வெளிநாட்டுக்காரரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு சங்கடம். பாரிஸிலிருந்து வாங்கி வந்த என் வெந்தயப் பொட்டலத்தை முதலாளி தினமும் முகர்ந்து பார்க்கிறார். எந்த ஊரில் விளைந்தது, என்ன மண், எந்த வருடம், சரிவு கிழக்குப் பார்த்ததா தெற்குப் பார்த்ததா என்று விடாமல் கேட்கிறார். பொட்டலத்தில் இந்தியா என்று மட்டும் போட்டிருக்கிறது. அவருக்கு அது போதவில்லை. ஆகவே நீங்கள் அடுத்த தடவை வந்தவாசி போகும்போது மளிகைக் கடையில் அரைக் கிலோ வெந்தயம் வாங்கி, இந்த விவரங்களையெல்லாம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, பார்சலில் வைத்து அனுப்பவும். கடைக்காரர் அடிக்க வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்