சறுக்குவது யார், சமைப்பது யார்?

தெருவுக்கு நாலு பிள்ளைகள் அமெரிக்காவில் என்றாகிவிட்டது. முன்பெல்லாம் வாசகர் கடிதங்களில் விசா, ஊறுகாய் பாட்டில், பேறுகாலம் இதைத்தான் கேட்பார்கள். இந்தத் தடவை பாதிக் கடிதம் பனிச்சறுக்கு பற்றி. பனியை ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மட்டும் பார்த்த ஊருக்கு வந்த வாழ்வு!

மகன் டென்வரில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் லீவில் எல்லோரும் ஸ்கீயிங் போகலாம், வாங்க என்கிறான். நான் டிசம்பர் 31 படித்திருவிழாவை விட்டதே இல்லை. எதை விடுவது?
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருத்தணி

திருவிழாவை விடாதீர்கள். மகனுக்கு அதுவே பெரிய பண உதவி. புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைகளைப் பார்த்துச் சலாம் போடப் போன ஜனங்களை, படிக்கு ஒரு திருப்புகழ் பாடி மலையேற வைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். நூறு வருஷம் கழித்தும் அந்த ஏற்பாடு உங்கள் பர்ஸைக் காப்பாற்றுகிறது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரம்தான் அமெரிக்க மலைகளில் விலை உச்சத்தில் இருக்கும். கொலராடோவில் வேல் என்று பேர்போன மலை ஒன்று (முருகனுக்குச் சம்பந்தமில்லை, ரோடு போட்ட இன்ஜினீயரின் பெயர்). அங்கே நல்ல சீசனில், போன அன்றே கவுன்டரில் ஒருநாள் லிஃப்ட் டிக்கெட் வாங்கினால் 300 டாலருக்கு மேல். நம் கணக்கில் 25,000 ரூபாயைத் தாண்டும். ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு, மேலே ஏற்றிவிட மட்டும். கீழே வந்து சேருவது உங்கள் பாடு. நம் மலைக்கு 365 படி, ஏறவும் காசில்லை, இறங்கவும் காசில்லை.

ஆகவே படி ஏறுங்கள், பொங்கல் வையுங்கள், பிறகு விமானம் ஏறுங்கள். ஜனவரி மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் தினம், பிப்ரவரி மூன்றாவது திங்கள் பிரசிடென்ட்ஸ் டே. இரண்டையும் ஒட்டிய சனி, ஞாயிறு அங்கே ஆடிக்கிருத்திகை மாதிரி. நடுவில் இருக்கும் வாரங்களில், செவ்வாய், புதன் பார்த்துப் போனால் கூட்டமும் குறைவு, அறை வாடகையும் குறைவு. பேரனுக்கு ஸ்கூல் இருக்கிறதே என்பான் மகன். இரண்டு நாள் லீவு போடட்டும். தலைமை ஆசிரியரான தாத்தாவே அனுமதி கொடுத்தபின் யார் கேட்பது?

டிக்கெட்டை மட்டும் தீபாவளிக்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள். எபிக், ஐகான் என்று இரண்டு பெரிய பாஸ்கள் இருக்கின்றன. சீசன் முழுவதற்கும்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. எபிக்கில் ஒரு நாள் முதல் ஏழு நாள் வரை எண்ணி வாங்கலாம். டிசம்பர் தொடக்கத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள்தான் அந்த 300 டாலரைக் கட்டுகிறவர்கள்.

இன்னொன்று. டென்வரிலிருந்து மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் சனிக்கிழமை காலையில் மகன் வண்டியை எடுத்தால், கந்தர் அனுபூதி, கந்தர் அலங்காரம் இரண்டையும் காரிலேயே முடித்துவிடலாம்.

வாடகைக்கு ஸ்கீ எடுக்கும்போது எடை கேட்டு எழுதிக்கொள்கிறார்களாமே? மருமகள் பக்கத்தில் நிற்கும்போது நிஜத்தைச் சொல்ல வேண்டுமா?
பெயர் வேண்டாம் என்றவர், பள்ளிப்பட்டு

மருமகளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துச் சொல்லுங்கள். வாடகைக் கடைப் பையனிடம் மட்டும் குறைக்காதீர்கள், அம்மா.

அவன் கேட்பது வம்புக்கு அல்ல. ஸ்கீ பலகையின் நடுவில் பூட்ஸின் முனையையும் குதிகாலையும் கவ்விக்கொள்ள இரண்டு பிடி இருக்கும். அதில் விரல்நக அளவில் ஒரு சின்ன ஜன்னல், உள்ளே எண்கள். உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், புதியவரா பழகியவரா என்பது எல்லாவற்றையும் அட்டவணையில் பார்த்து, ஸ்க்ரூ டிரைவரால் அந்த எண்ணைத் திருப்பி வைப்பான். நீங்கள் விழும்போது எந்த அளவு முறுக்கலுக்குப் பிடி தானாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கான கணக்கு அது. எண் குறைவாக இருந்தால் திரும்பும் இடத்திலெல்லாம் பலகை கழன்று ஓடும். கூடுதலாக இருந்தால் பலகை ஒரு பக்கம் திரும்பும், கால் விடுபடாது, முழங்கால் போய்விடும். உங்கள் வீட்டுக்காரர் கூச்சப்பட்டு 'நான் நன்றாகவே சறுக்குவேன்' என்று எழுதிக்கொடுப்பதும் இதே ஆபத்துதான். பழகியவர் என்றால் பிடியை இறுக்கிவிடுவார்கள்.

பூட்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெட்டி பிளாஸ்டிக், முன்பக்கம் நாலு கொக்கி, கணுக்கால் துளியும் மடங்காது. குதிகாலை முதலில் ஊன்றி, விறைப்பாகத்தான் நடக்க வரும். படி இறங்க வேண்டுமானால் பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் ஜில்லிட்டுப் போகும். மெல்லிசாக ஒரே ஜோடி, முழங்கால் வரை, போதும்.

மாப்பிள்ளை தானே கற்றுக்கொடுத்துவிடுகிறேன் என்கிறார். ஸ்கீ ஸ்கூல் வீண் செலவாம்.
வாசகர், நகரி

மாப்பிள்ளை எத்தனை வருஷமாகச் சறுக்குகிறார் என்று மகளிடம் தனியாகக் கேளுங்கள். போன வருஷம் கற்றுக்கொண்டவர்தான் இந்த வருஷம் ஆசிரியராகத் துடிப்பார்.

அங்கே பாதைகளுக்குக் குறியீடு உண்டு. பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டைமண்ட் கஷ்டம், இரட்டை டைமண்ட் வீட்டில் சொல்லிக்கொண்டு போக வேண்டியது. இதில் ஒரு சூட்சுமம். நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் கிடையாது. அந்தந்த மலையில் உள்ள பாதைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நிறம். சின்ன மலையில் நீலத்தில் இறங்கிப் பழகிய மாப்பிள்ளை, பெரிய மலை நீலத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று மாமனாரை அழைத்துப் போனால், மாமனார் உட்கார்ந்தபடியே இறங்க வேண்டியதுதான்.

ஸ்கூலில் முதல் பாடமே நிற்பது எப்படி என்பது. முன்முனைகள் சேர்ந்து, பின்பக்கம் விரிந்து, பலகைகளை முக்கோணமாக வைத்தால் வேகம் குறையும். பிள்ளைகளுக்கு இதை 'பீட்ஸா' என்று சொல்லித்தருகிறார்கள். இரண்டும் இணையாக இருந்தால் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்', வேகம் பிடிக்கும். மலைச்சரிவில் 'பீட்ஸா, பீட்ஸா' என்று வாத்தியார் கத்தினால் பசி என்று நினைத்துவிடாதீர்கள். புதியவர்கள் மேலே போக, தரையோடு ஓடும் பெல்ட் இருக்கும். நின்றால் போதும். இதையெல்லாம் காசு வாங்கிக்கொண்டு அலுக்காமல் நூறு தடவை சொல்ல ஓர் அந்நியர் வேண்டும். உறவுக்காரர் மூன்றாவது தடவையிலேயே 'எத்தனை வாட்டி சொல்றது' என்பார். சுவிட்சர்லாந்தில் பள்ளிக்கூடமே பிள்ளைகளைப் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப்போகிறது. அங்கே வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பெற்றோரிடம் கற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கொடுத்து வைத்தவர்கள், முக்கியமாகப் பெற்றோர்.

பெல்ட்டைத் தாண்டினால் சேர் லிஃப்ட். கம்பியில் தொங்கியபடி நாற்காலி பின்னால் வரும், அதற்காக நிற்காது. கோட்டில் போய் நின்று, திரும்பிப் பார்த்து, முட்டியின் பின்புறம் தொட்டதும் உட்கார வேண்டும். உலகின் முதல் சேர் லிஃப்ட் 1936-ல் ஐடஹோ மாநிலத்து சன் வேலியில் வந்தது. யூனியன் பசிபிக் ரயில்வேயின் இன்ஜினீயர் ஜிம் கரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கம்பிப் பொறியைப் பார்த்த அனுபவத்தில், தாருக்குப் பதில் மனிதரைத் தொங்கவிட்டால் என்ன என்று யோசித்தார். பஞ்சாமிர்தம் தின்று வளர்ந்த நமக்குத் தோன்றாமல் போயிற்றே!

பனிமலையில் அடுக்களை வைத்த வீடு எடுத்திருக்கிறார்களாம். அம்மா, நீயும் வா என்று அன்பாகக் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.
தாயார், சோளிங்கர்

சந்தேகம் நியாயமானது. அடுக்களை உள்ள காண்டோ எடுப்பது செலவுக்கு நல்லதுதான். மலைமேல் சாப்பாட்டு விலை கேட்டாலே பசி அடங்கிவிடும். ஆனால் அங்கே சமையல் உங்கள் ஊர்ச் சமையல் இல்லை. கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 9,600 அடியில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே அதற்குக் கீழேதான், 2,637 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால், சறுக்கப் போனவர்கள் திரும்பி வரும்வரை அது பருப்பாகவே இருக்கும். குக்கர் இல்லாமல் போகாதீர்கள். அல்லது குக்கர் இல்லை என்று தெரிந்தே போங்கள். உங்கள் சௌகரியம்.

உடம்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். கடல்மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து போய் நேராக அந்த உயரத்தில் படுத்தால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரலாம். டென்வரில் ஓரிரு இரவு தங்கி ஏறுங்கள். முதல் நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர். இதயம், நுரையீரல் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது.

சறுக்காதவர்கள் சும்மா உட்கார வேண்டியதில்லை. பல மலைகளில் நடந்து வருபவர்களையும் கோண்டோலா என்கிற கம்பிப் பெட்டியில் ஏற்றிக்கொள்வார்கள். பிரெக்கன்ரிட்ஜ் ஊரிலிருந்து மலையடிக்குப் போகும் கோண்டோலா இலவசம். 1,305 படிக்குப் பதிலாக உங்கள் ஊர் நரசிம்மரை ரோப் காரில் போய்ப் பார்த்தவருக்கு இது என்ன பிரமாதம்? ரப்பர் டியூபில் உட்கார்ந்து வழுக்கி இறங்கும் இடங்களும் உண்டு. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஒரு நாள் உங்கள் முறை என்றால், மறுநாள் மருமகன் முறை என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் பனியில் காது கேட்காது.

காஷ்மீரில் இல்லாத பனியா? எதற்கு அமெரிக்கா?
கல்லூரி மாணவர், அரக்கோணம்

நீங்கள் இந்தியாவில் இருக்கும்வரை உங்கள் கட்சிதான் நானும். குல்மார்க் கோண்டோலா 1998-ல் முதல் கட்டம், 2005-ல் இரண்டாம் கட்டம். இரண்டாவது ஏறினால் ஏறக்குறைய 13,000 அடி. நம் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியும் அங்கேதான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள் ஆரிஃப் கான், குல்மார்க் அடிவாரத்துக்காரர், ஸ்கீ சாமான் கடைக்காரரின் மகன். தேசியக் கொடியையும் அவரே பிடித்தார். ஜயன்ட் ஸ்லாலம் சறுக்குப் பந்தயத்தில் 45-வது இடம். கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020-ல் அங்கே தொடங்கின. உத்தராகண்டில் அவுலி இருக்கிறது. ஆனால் ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் பிளந்தபோது அங்கிருந்து போகும் ரோப்வே நிறுத்தப்பட்டது, ரோடு வழியாகப் போக வேண்டும். குல்மார்க்கில் ஒரே எச்சரிக்கை: மேல் கட்டத்தில் குறித்த பாதையை விட்டு விலகினால் பனிச்சரிவு அபாயம் நிஜமானது. வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் கதை வேறு. அப்போதும் முதல் தடவைக்கு வேலும் வேண்டாம், ஆஸ்பெனும் வேண்டாம். நியூஜெர்சிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே பென்சில்வேனியாவின் பொக்கோனோ குன்றுகள். பனி போதாவிட்டால் இரவெல்லாம் இயந்திரத்தால் தண்ணீரைப் பீய்ச்சிப் பனியாக்கிவிடுவார்கள். சான்பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்கு டாஹோ ஏரி. 1960-ல் ஒலிம்பிக்ஸே நடந்த மலை அங்கே இருக்கிறது, சின்ன மலைகளும் இருக்கின்றன. புயல் நாளில் ஐ-80 சாலையில் டயருக்குச் சங்கிலி மாட்டாமல் விடமாட்டார்கள். விமானத்தில்தான் போக வேண்டும் என்றால் சால்ட் லேக் சிட்டி. இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய மலைகள் பல. இரண்டு நாள் ஏதாவது ஒரு குன்றில் விழுந்து எழுந்தபின், பிடித்திருந்தால் பெரிய பெயர்களுக்குப் போகலாம். பெரிய மலையின் பெயர் ஃபேஸ்புக்குக்குத்தான் உதவும். கற்றுக்கொள்ள நூறடிச் சரிவு போதும்.

ஜீன்ஸ் போட்டுச் சறுக்கலாமா?
கைத்தறிக் குடும்பத்தவர், பொதட்டூர்பேட்டை

நெசவாளர் ஊருக்கு இதைச் சொல்ல வருத்தம்தான். பனியில் பருத்தி துரோகி. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே தண்ணீர் ஏறாத ஜாக்கெட், பேன்ட். வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள், அல்லது மகனின் நண்பர்களிடம் கடன் கேளுங்கள். முகத்துக்குச் சன்ஸ்கிரீன் கட்டாயம், பனி வெயிலைத் திருப்பி அடிக்கும்.

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தாகிவிட்டது. போதுமா?
வாசகர், திருவாலங்காடு

சின்ன எழுத்தில் இருப்பதைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பல பாலிசிகள் பனிச்சறுக்கைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவைத்திருக்கும். தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் எலும்பு முறிவதைவிட பில் வருவதுதான் அதிகம் வலிக்கும்.

ஆந்திரா சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து வருகிறார்கள். ஒரே காண்டோ. செலவை எப்படிப் பிரிப்பது, பெரிய அறை யாருக்கு?
பெண்ணைப் பெற்றவர், திருத்தணி

நம் ஊரே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்ததுதான். ம.பொ.சி. போராடி, படாஸ்கர் நடுவராக உட்கார்ந்து, பேசிப் பிரித்தார்கள். உங்களுக்கும் விமானம் ஏறுமுன் ஒரு படாஸ்கர் தேவை. லிஃப்ட் டிக்கெட்டும் ஸ்கீ வாடகையும் அவரவர் தலைக்கு. சறுக்காதவர் மேல் அந்தச் செலவு ஏறக் கூடாது. வீட்டு வாடகை அறைக் கணக்கில். மளிகை பொது. ஆவக்காய் அவர்கள் கொண்டுவரட்டும், உங்கள் பங்குக்கு வத்தக்குழம்புப் பொடி. பாத்ரூம் சேர்ந்த பெரிய அறை, முதல் நாள் சறுக்கி முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறவருக்கு. அது பெரும்பாலும் சம்பந்தியாகத்தான் இருப்பார், இப்போதே விட்டுக்கொடுத்துவிடுங்கள். ஒருவேளை நீங்களாக இருந்தால், எனக்கு எழுதுங்கள்.