காலையில பத்து மணிக்குள்ள தீ அணையணுமாம்!

என்னலே பேராண்டி, செல்போனைப் பாத்து மூக்கை உறிஞ்சுத? எங்கயோ பைன் காடு எரியுது, இங்க உனக்குக் கண்ணீர் வருதாக்கும். போதாக்குறைக்கு ஆள் திரட்டி, ஒரே கலர்ல பனியன் அடிச்சு, மரம் நட நிதி வசூல் பண்ணணுமாம். மம்பட்டி பிடிக்கத் தெரியுமாலே உனக்கு? சரி, உக்காரு. ஒரு சங்கதி சொல்லுதேன்.

அமெரிக்காவுல எல்லோஸ்டோன்னு ஒரு பூங்கா இருக்கு. 1872-லயே தேசியப் பூங்கான்னு பேர் வச்ச காடு. 1988 கோடையில மழை பொய்ச்சிட்டு, காத்தும் சுழட்டி அடிச்சுது. பிடிச்சுது பாரு தீ! ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஒரு நாள்ல மட்டும் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல போச்சு. பூங்காவுக்குள்ள மொத்தம் 7.9 லட்சம் ஏக்கர். மூணுல ஒரு பங்குக்கும் கூட. டிவிக்காரன் சும்மா விடுவானா? பூங்காவே ஒழிஞ்சுதுன்னு ஒப்பாரி வச்சான்.

சுமார் 25,000 பேர் தீயை அணைக்க இறங்குனாங்க. 12 கோடி டாலர் செலவு. வீடு, ஓட்டல்னு நெறையக் காப்பாத்துனாங்க, அதை இல்லேங்கல. ஆனா காட்டுத்தீயை அடக்குனது யாரு? செப்டம்பர் 11-ஆம் தேதி விழுந்த கொஞ்சூண்டு மழையும் பனியும். அதுக்கு யாரும் சம்பளம் குடுக்கல.

இன்னொரு வேடிக்கை கேளு. 1972-ல இருந்து அங்க ஒரு விதி இருந்துது. இடி விழுந்து தானா பிடிச்ச தீயை, ஆபத்து இல்லேன்னா எரிய விட்டிரலாம்னு. ‘இந்த விதிதான் காட்டைத் தின்னுட்டு’ன்னு எல்லாரும் பாய்ஞ்சாங்க. ஆனா அந்த வருசத்துல பெருசா எரிஞ்ச தீயே, பூங்காவுக்கு வெளியில விறகு வெட்டப் போன ஒருத்தன் தூக்கிப் போட்ட சிகரெட்டுல பிடிச்சது. மொத நாள்ல இருந்தே அணைக்கப் போராடுன தீ அது. அணைஞ்சுதா? இதைச் சொன்னா எவன் கேக்கான்.

சரி, இப்ப மரத்துக்கு வா. அங்க முக்காவாசி லாட்ஜ்போல் பைன். அதுல நெறைய மரத்துக் காய், வெயிலுக்கும் காத்துக்கும் வாயைத் திறக்காது. செதிலுக்கு மேல செதிலா அடுக்கி, இடுக்குல பிசின் வச்சு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். நெம்பிப் பாத்தியோ, நகம்தான் பேந்துபோகும். வட்டிக்காரன் மடியில முடிஞ்ச காசு மாதிரி வருசக்கணக்கா விதையை உள்ளயே வச்சிருக்கும். சூடு 45 டிகிரிக்கு மேல ஏறணும், பிசின் உருகணும். அப்பத்தான் செதில் விரியும், றெக்கை வச்ச விதை கீழ விழும். கீழ என்ன கெடக்கு? சருகு இல்ல, நெழல் இல்ல. சாம்பலும் வெயிலும்தான். அந்த மரத்துக் கன்னுக்கு நெழலே ஆகாது. தாய்மரம் உசுரோட நின்னா பிள்ளை வளராது, அப்படி ஒரு வம்சம்.

அடுத்த வருசமே கருகுன தரையில கன்னு தலை நீட்டிட்டு. சில எடத்துல கால் வைக்க எடமில்லாத நெருக்கம். அதுவரைக்கும் ஆஸ்பென் மரமே இல்லாத எடத்துலயும் ஆஸ்பென் கன்னு மொளச்சுது. அங்க யாரு போய் நட்டா? எந்த மந்திரி வந்து பூவாளி பிடிச்சுப் போட்டோ எடுத்தாரு?

ஒடனே துள்ளாத. ‘அப்போ தீ நல்லது தாத்தா’ன்னு ஸ்டேட்டஸ் போட்டிராத. 1988-ல எரிஞ்சு மொளச்ச அதே காட்டுல ஒரு பகுதி 2016-ல மறுபடி எரிஞ்சுது. இருபத்தெட்டே வருசம்! வழக்கமா நூறு, முந்நூறு வருசத்துக்கு ஒருக்க எரியுற காடு அது. இளமரத்துல பிசின் பூட்டுன காய் எவ்வளவு இருக்கும்? கன்னு பல மடங்கு குறைஞ்சு போச்சு. பூமி சூடேறச் சூடேற இந்த மாதிரி இன்னும் வரும்னு படிச்சவங்க பயப்படுதாங்க. அந்தப் பயம் நியாயம்தான்லே.

அப்புறம், எல்லாப் பைனும் ஒண்ணுன்னு நெனைக்காத. பாண்டரோசா பைன்னு ஒண்ணு இருக்கு. பட்டை தடிமனா இருக்கும், வெயில்ல அதுல மூக்கை வச்சா வெனிலா வாசம் அடிக்குமாம். அதுக்குச் சில வருசத்துக்கு ஒருக்க, தரையோட தரையா ஒரு சின்னத் தீ வேணும். சருகும் சிறுசெடியும் போயிரும், பெரிய மரம் அசராம நிக்கும். அந்த மண்ணோட பூர்வகுடிக தாங்களே இப்படித் தீ வச்சுக் காட்டைப் பேணுனாங்க. கோட்டு போட்ட வன ஆபீசருக்கு இது பிடிக்குமா? பையூட்ங்கிற பூர்வகுடிச் சனங்க பேரை வச்சே ‘பையூட் வனவியல்’னு கேலி பண்ணுனாங்க. 1935-ல ஒரு உத்தரவு வேற. இன்னைக்கு எந்தத் தீ கண்ணுல பட்டாலும், நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள அடக்கியாகணுமாம். ஆபீஸ் திறக்குற நேரத்துக்குத் தீயும் கையெழுத்துப் போட்டுட்டு ஒதுங்கிரணும் போல!

அடக்கி அடக்கி என்னாச்சு? சருகு குமிஞ்சுது. நோஞ்சான் மரமா நெருக்கிக்கிட்டு வளந்துது. தரையில ஊர வேண்டிய தீ அந்தக் குட்டை மரம் வழியா ஏறி உச்சிக்குப் போயிட்டு. சின்னத் தீக்கு அசராத பாண்டரோசா மொத்தமா கருகி நின்னுது. லாட்ஜ்போலுக்கு இருக்குற மாதிரி பூட்டுன காய் இதுக்குக் கெடையாது, பாத்துக்க. பெரிய தீ தின்ன எடத்துல விதை போட மரம் மிஞ்சலேன்னா வருசக்கணக்கா வெறுங்காடுதான். உன் மம்பட்டிக்கு வேலை இருந்தா அங்க இருக்கும்லே, எல்லோஸ்டோன்ல இல்ல.

இப்ப அதே வனத்துறைக்காரங்க என்ன செய்யுதாங்க? காத்து பாத்து, ஈரம் பாத்து, மூக்கு வச்ச டப்பாவுல டீசலும் பெட்ரோலும் கலந்து, சொட்டுச் சொட்டாக் காட்டுல தீ வைக்கப் பயிற்சி குடுக்குதாங்க. சில ஊர்ல பூர்வகுடிப் பெரியவங்களையே கூப்பிட்டு, எப்படி வைக்கணும்னு கேக்குதாங்க.