கே.கே.பட்டியில் இருந்தபடியே காத்தாடி ரெக்கை வரைவது எப்படி?

முதல் வேலை, என்ன செய்கிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லாமல் இருப்பது. ஏர்ஃபாயில் என்று வாயைத் திறந்தால், "ஏரோபிளேன் கம்பெனியா? எப்ப துபாய் போற?" என்பார்கள். காத்தாடி ரெக்கை என்றாலோ, சித்தப்பா பரணில் கிடக்கும் டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். சரிசெய்து கொடுத்துவிடுங்கள். கே.கே.பட்டி என்கிற காமயகவுண்டன்பட்டியில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே பாராட்டு அதுதான்.

காற்றாலை ரெக்கையைக் குறுக்கே அறுத்தால் தெரிகிற வடிவம்தான் ஏர்ஃபாயில். முன்பக்கம் மழுங்கல், முதுகில் வளைவு, பின்பக்கம் கூர்மை. நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் விமான ஆராய்ச்சி அமைப்பான நாக்கா 1930களிலேயே நம்பர் போட்டு அடுக்கிவைத்துவிட்டது. நாக்கா 4412 என்றால், முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள நீளத்தில் 4 சதவீத வளைவு, வளைவின் உச்சம் முன்னிருந்து 40 சதவீதத் தூரத்தில், தடிமன் 12 சதவீதம். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; பெண் பார்க்கப் போகும் இடத்தில் உதவாது, இன்டர்வியூவில் உதவும்.

அடுத்து எக்ஸ்ஃபாயில். எம்.ஐ.டி.யின் மார்க் டிரேலா 1986-இல் எழுதிய மென்பொருள். காசில்லை, பழைய லேப்டாப்பிலும் ஓடும். இழுவை குறைந்து தூக்குவிசை ஏறுவதைத் திரையில் பார்த்துப் பூரித்துப்போகலாம். எப்படி வளைத்தாலும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் கறக்க முடியாது என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டார். மீதிக்காக அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இனிமேல்தான் பங்காளிச் சண்டை. ரெக்கை நுனியின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தொடும். அதற்கு மெல்லிய வடிவம் வேண்டும். அடிப்பக்கம் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் மொத்தப் பாரமும் அதன் தலையில். தடிமன் 30, 40 சதவீதம் இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். காற்று வந்து படும் கோணமும் இடத்துக்கு இடம் மாறுவதால் முழு நீளத்துக்கும் முறுக்கு கொடுக்க வேண்டும். நீங்கள் மெலிதாக வரைந்ததை ஸ்ட்ரக்சர்காரர் தடிப்பாக்குவார். மோல்டுகாரர் முறுக்கைக் குறைக்கச் சொல்வார். கடைசியில் டிரெய்லர் டிரைவர், "இந்த நீளம் வளைவுல திரும்பாது சார்" என்பார். அவருக்கு மேல் அப்பீல் கிடையாது.

பூச்சிக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். புத்தகத்தில் வரும் ரெக்கை பளபளவென்று இருக்கும். பன்னீர் திராட்சைப் பந்தலும் நெல் வயலும் நிறைந்த நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்குமா? காற்று மந்தமாக இருக்கும்போதுதான் பூச்சி பறக்கும். ரெக்கையின் மூக்கில் மோதி அப்பிக்கொள்ளும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. காற்று பலத்ததும் கோணம் மாறி, உறிஞ்சல் அதிகமாக இருக்கும் இடம் சரியாக அந்தக் காய்ந்த பூச்சிகளின் மேல் வந்து நிற்கும். காற்றோட்டம் முதுகை விட்டுக் கழன்றுவிடும். கலிபோர்னியாவில் இப்படி மின்சாரம் குறைந்தபோது காரணம் தெரியாமல் முழித்தார்கள். மின் உற்பத்தி பாதியாகக்கூடக் குறையலாம் என்று 2001-இல் ஆய்வாளர்கள் கார்ட்டனும் வெல்ட்காம்பும் நேச்சர் இதழில் எழுதினார்கள். அழுக்குப் பட்டாலும் அசராத வடிவங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் டாங்லரும் சோமர்ஸும் 1984-லேயே வரைய ஆரம்பித்திருந்தார்கள். நுனியில் உச்சத் தூக்குவிசையை வேண்டுமென்றே அடக்கி வைத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம். எக்ஸ்ஃபாயில் திரையில் முதல் மார்க் வாங்கும் ரெக்கையை நம்பாதீர்கள்.

பிறகு ஆடி மாதம். கம்பம் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மியின் தடிமன் எத்தனை சதவீதம் என்று யாரும் அளந்ததில்லை, ஆனால் எந்த ஏர்ஃபாயிலையும்விட அதிகம். உங்கள் ரெக்கை அவ்வளவு தாங்காது. வினாடிக்கு 25 மீட்டரைக் காற்று தாண்டினால் பெரும்பாலான இயந்திரங்கள் ரெக்கையைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும்.

அப்படி ஒரு நாள் ஆண்டிப்பட்டி, கண்டமனூர் பக்கம் போய்வந்த மாமா டீக்கடையில் உங்களைப் பிடித்துக்கொள்வார். "ஏன் மாப்ள, ஆளையே தூக்குற காத்து அடிக்குது, காத்தாடி சும்மா நிக்குதே?" கோணம், இழுவை என்று தொடங்கினால் டீ ஆறிவிடும். "கரண்ட் இல்ல மாமா" என்று சொல்லுங்கள். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.