மணிக்கு நாலு மைல் மன்னர்

இங்கிலாந்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. மொத்தமாகப் பணம் கைக்கு வந்ததும் பேரன் பேரில் போட்டுவைக்கமாட்டார், தோட்டத்தோடு வீடு தேடமாட்டார். 57 அடி நீளத்தில் ஓர் எஃகுப் படகை வாங்கிவிடுவார். அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. அந்த நாட்டின் பழைய கால்வாய்களில் லாக்குகள், அதாவது நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், பலவற்றுக்கு ஏழடிதான் அகலம் என்பதால் வந்த வினை. கல்யாணமாகி முப்பது நாற்பது வருஷம் ஆன தம்பதி, ஒருவர் அடுப்படிக்குப் போனால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய வீட்டுக்குக் குடிபோகிறார்கள். இந்த வாகனத்துக்கு நாரோபோட் என்று பெயர். நம்மவருக்கு அது கப்பல், அவர் காப்டன். மீதி உத்தியோகம் அத்தனையும் அம்மையாருக்கு.

"நிம்மதிக்காகத்தான் இதை வாங்கினேன்" என்பார் காப்டன். கால்வாயில் மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம். கரையில் விறுவிறுவென்று நாயோடு நடக்கிறவர் முந்திப் போய்விடுவார். அதற்கெல்லாம் காப்டன் அசரமாட்டார். ஆனால் அவர் படகைக் கரையில் கட்டிவிட்டு உள்ளே பேப்பர் படிக்கும்போது இன்னொரு படகு பக்கத்தில் போய், டீ கோப்பை லேசாக ஆடினால் தீர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலை வரும். "மெதுவா போங்கய்யா!" என்று ஒரு சத்தம். வாடகைப் படகு என்று தெரிந்தால் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறும். தானும் வாடகைப் படகில் முட்டி மோதித்தான் தொழில் கற்றுக்கொண்டோம் என்பது அப்போது ஞாபகத்துக்கு வராது.

படகின் கூரையைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு சைக்கிள், ஒரு தள்ளுவண்டி, கரி மூட்டை, விறகு, பூந்தொட்டி, ரோஜாவும் கோட்டையும் வரைந்த தண்ணீர்க் குடம், இத்தனைக்கும் நடுவே வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு நாய். புகைபோக்கியில் பித்தளை வளையங்கள் பளபளக்கும். காலையில் அவற்றைத் தேய்த்த பிறகுதான் காப்டனுக்குக் காபி இறங்கும்.

அவர் போடும் பயணக் கணக்கே தனி. எத்தனை மைல், எத்தனை லாக் என்று கூட்டி, மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும். பன்னிரண்டு மைலும் ஆறு லாக்கும் என்றால் ஆறு மணி நேரம். காரில் அரை மணியில் போகலாமே என்று யாராவது சொன்னால், பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். நடுவில் அம்மையார் "ஐயையோ, பால் வாங்க மறந்துட்டேன்" என்றாலும் பயனில்லை. படகின் நீளம் பல இடங்களில் கால்வாயின் அகலத்தை மிஞ்சும். திருப்புவதற்கென்றே அகலமாக வெட்டிய இடம் வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். அன்று கடுங்காபி.

லாக் வந்துவிட்டால் நாடகம் களைகட்டும். வில்ட்ஷயரில் டிவைஸஸ் ஊரருகே கேன் ஹில் வரிசை இருக்கிறது. இரண்டு மைல் தூரத்தில் 29 லாக், மொத்தம் 237 அடி ஏற்றம். காப்டன் டீ கோப்பையும் கையுமாகச் சுக்கானோடு பின்தளத்தில் நிற்பார். அம்மையார் இரும்புத் திருகுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் இறங்குவார். பல்சக்கரத்தில் கோலை மாட்டிச் சுற்றினால் அடியில் மதகுப்பலகை எழும்பித் தண்ணீர் குபுகுபுவென்று பாயும். இருபக்கமும் மட்டம் சமமாகிற வரைக்கும் கதவு இம்மியும் அசையாது. சமமானதும், கதவிலிருந்து கரைப்பக்கம் நீண்டிருக்கும் பெரிய மரத்துலாவில் முதுகைக் கொடுத்து, தரையில் காலை உந்தி, அம்மையார் தள்ளுவார். "இன்னும் கொஞ்சம், டியர்" என்று கீழேயிருந்து உற்சாகம் வரும். இப்படி இருபத்தொன்பது தடவை. சாயங்காலம் மதுக்கடையில் காப்டன் நாலு பேர் காதில் விழும்படி, "இன்னிக்கு ஒரே நாள்ல 29 லாக் ஏறிட்டேன்" என்பார். அம்மையார் அந்த நேரம் படகில் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

காப்டனும் குனிந்து வேலை செய்கிற ஒரு சந்தர்ப்பம் உண்டு. எஞ்சின் திணறினால், பின்தளத்தில் இருக்கும் மூடியைத் திறந்து, தோள் வரைக்கும் கையைச் சில்லென்ற தண்ணீரில் விட்டு, சுழலியில் சிக்கியதை அறுத்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை, கயிறு, கம்பி, சில சமயம் புடவைகூட வரும். மேற்கு லண்டனில் சவுத்தால் பக்கம் தேங்காயே மிதந்து வரும். கால்வாயைக் கங்கையாகப் பாவித்து நம் நாட்டவர்கள் விட்ட காணிக்கை அது.

இரண்டு காப்டன்கள் சந்தித்தால் முதலில் மழை, அடுத்து எஞ்சின், ஐந்தாவது நிமிஷம் கழிப்பறை. இதில் மூன்று கட்சி. பெட்டியைக் கையால் தூக்கிப் போய்க் கொட்டுகிற கட்சி ஒன்று. தொட்டியில் சேர்த்துவைத்து, காசு கொடுத்து உறிஞ்சச் சொல்லும் கட்சி இன்னொன்று. இரண்டும் வேண்டாம், மக்கவைத்து உரமாக்குவோம் என்பது மூன்றாவது. ஒரு கட்சிக்காரர் வீட்டு விருந்தில் மறுகட்சிக்காரர் உட்கார்ந்தால், சாப்பாடு இறங்காத அளவுக்கு விவரமாக விவாதிப்பார்கள்.

செலவு என்று பார்த்தால் ஆனை கட்டித் தீனி போடுகிற கதைதான். வருஷா வருஷம் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு. நிலையாகக் கட்டிவைக்க இடம் எடுத்தால் அதற்கு வேறு வாடகை. எடுக்காவிட்டால் 1995ஆம் வருஷத்துச் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வாடகை கட்டுகிறவர் ஊர்கிறவரைப் பார்த்து "ஓசியில் இருக்கிறான்" என்பார். ஊர்கிறவர், "கட்டிவைத்த படகும் ஒரு படகா?" என்பார்.

இத்தனை கேலியும் செய்தாயிற்று, நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1761இல் வர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோகத் தொடங்கிய பிரிட்ஜ்வாட்டர் கால்வாய்க்குப் பிறகு நாடெங்கும் கால்வாய் வெட்டினார்கள். பின்னால் ரயில் வந்தது, லாரி வந்தது, கால்வாய்கள் சேறும் குப்பையுமாகத் தூர்ந்தன. 'கிரெஸ்ஸி' என்ற படகில் குடியிருந்த டாம் ரோல்ட் 1944இல் தன் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 1946இல் ராபர்ட் ஐக்மன் முதலியவர்களோடு சேர்ந்து உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தொடங்கினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு, மண்வெட்டியோடு இறங்கிச் சேறு வாரியவர்களில் நம் காப்டன் ரகத்து ஆசாமிகள் ஏராளம். கேன் ஹில் இருக்கும் கென்னட்–ஏவன் கால்வாயை 1990இல் எலிசபெத் ராணி மறுபடி திறந்துவைத்தது இவர்களுடைய பிடிவாதத்தால்தான். ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஊரையே அறுக்கும் குணம், நல்ல காரியத்தில் இறங்கினால் கால்வாயையும் மீட்டுவிடுகிறது.

ஆகவே, இங்கிலாந்துக்குப் போனால் ஒரு நாள் கால்வாய்க்கரையில் நடந்து பாருங்கள். காப்டனுக்கு ஒரு வணக்கம் வையுங்கள், லாக்கில் அம்மையாருக்கு ஒரு கை கொடுங்கள், டீ நிச்சயம் கிடைக்கும். "குளிர்காலத்தில் உள்ளே குளிராதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், கரியடுப்பு மகிமையை அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கடைசி ரயில் போய்விடும்.