டயலருக்குச் சாவில்லை

நாகை வெளிப்பாளையத்தில் 'நெட் வரலை' என்று கூப்பிட்டால், டெக்னீஷியன் முதலில் சந்தேகப்படுவது உப்புக்காற்றில் பச்சை பூத்த செம்புக் கம்பியைத்தான். கம்பி பாவம். குற்றவாளி கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது: பிராட்பேண்ட் இணைப்போடு இலவசமாக வந்த சிடி ஏற்றிவிட்ட டயலர். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து பிராட்பேண்டில் நுழையும் பிபிபிஓஇ வசதி உண்டு. அந்த சிடியே வேண்டியதில்லை. (இலவசத்தை யார் வேண்டாம் என்பது?) எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் கருமாதியே முடித்துவிட்டது. டயலர் மட்டும் பந்தியை விட்டு எழவில்லை.

"அத அழிச்சிடாதீங்க தம்பி, அதுலதான் நெட்டே இருக்கு" என்கிறார் பெரியவர்.

கஸ்டமர் கேரில் கேட்டால் ஒரே பதில்: "சிடியைத் திரும்பப் போடுங்க சார்."

சிடி டிரைவ் வாய் திறந்து வெகுகாலமாகிறது.