கண்ணாடிக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை

ஜிஎஸ்டி சாலையில் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். மத்தியான வெயில். அதிசயமாகச் சாலை காலி. எழுபதில் போன கார் திடீரென்று பிரேக் போட்டது. நான் போடவில்லை, அதுவாகப் போட்டது. முன்னால் லாரி இல்லை, மாடு இல்லை, குறுக்கே ஓடும் நாய்கூட இல்லை. பின்னால் மட்டும் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் ஒன்று. அதன் டிரைவர் பிரேக்கின் மேல் ஏறியே நின்றிருக்க வேண்டும். மயிரிழையில் ஒதுங்கி, என் பக்கமாக வந்து, என் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனார். கோபமே வரவில்லை. உயிரோடு இருந்ததால்தானே அதைக் கேட்க முடிந்தது!

டேஷ்போர்டில் மஞ்சள் எழுத்து மின்னியது: 'முன்பக்க கேமரா இயங்கவில்லை'. வெட்டவெளியில் பேயைப் பார்த்துப் பிரேக் போட்டுவிட்டு, அந்த அதிர்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டது போல.

இந்தக் கேமரா உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சாலைக் கோட்டைப் பார்ப்பது, முன்னால் போகிற வண்டியைப் பார்ப்பது, ஆபத்து என்றால் பிரேக் போடச் சொல்வது இதன் வேலை. ஷோரூமில் இதற்கு 'ஏடாஸ்' என்று பெயர். இல்லாத தடைக்குப் பிரேக் போடும் வியாதி என் வண்டிக்கு மட்டும் வந்ததல்ல. 2022 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை, ஒன்பது மாதத்தில் வந்த 354 புகார்களை வைத்துச் சுமார் 4,16,000 டெஸ்லா கார்களின் மேல் இதே காரணத்துக்காக விசாரணை தொடங்கியது. அங்கே புகார் போனால் விசாரணை. இங்கே புகார் போனால் என்ன நடக்கும் என்று பார்க்க சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

ஏசி உண்டு, காபி மெஷின் உண்டு, பாதுகாப்பைப் பற்றிச் சுவரில் ஒரு பொன்மொழியும் உண்டு. சர்வீஸ் அட்வைசர் கண்ணாடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சார், கண்ணாடியில சந்தனம் குங்குமம் வச்சிருக்கீங்க. அதான் பிராப்ளம்."

"அது டெலிவரி அன்னிக்கு உங்க ஷோரூம்லயே வச்சது. அதுவும் கீழ் மூலையில இருக்கு. கேமரா மேல இருக்கு."

"அப்ப சாஃப்ட்வேரா இருக்கும் சார்."

முதல் வாரம் துடைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் கேமராவே போய்விட்டது என்றார்கள். கோளாறு மட்டும் மூன்று வாரமும் அப்படியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்ததும் போன் வரும்: "சார், பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார், இல்லன்னா எங்க இன்சென்டிவ் போயிடும்." பிரேக்கைவிட வேகமாக வேலை செய்வது அந்த போன்தான்.

வாரன்டி முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்தார்கள். நான் முதன்முதலில் ஸ்கூட்டர் வாங்கிய விலையைவிட அதிகம். கேமரா ஒரு வரி. அதைத் தாங்கும் பிராக்கெட் கண்ணாடியில் ஒட்டியே வருவதாம், அது விட்டுப்போயிருப்பதால் முழுக் கண்ணாடியும் மாற்ற வேண்டுமாம், அது ஒரு வரி. கழற்றக் கூலி, மாட்டக் கூலி, மாட்டியதற்குப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கக் கூலி. எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன பாட்டிக்கு இந்த எஸ்டிமேட்டைக் காட்டியிருந்தால், சுண்டைக்காயே முக்கால் பணம் என்று பழமொழியைத் திருத்தியிருப்பாள்.

இன்சூரன்ஸ்காரரைக் கூப்பிட்டேன். ரொம்ப மரியாதையானவர். "சார், கண்ணாடி உடைஞ்சா தேய்மானமே பிடிக்க மாட்டோம், முழுசா உண்டு. கேமரா விபத்துல உடையலையே சார், தானாத்தானே போச்சு? எலெக்ட்ரிகல் கோளாறு பாலிசியில வராது." கண்ணாடிக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை. அந்த டிப்பர் பின்னால் வந்து இடித்திருந்தால் கிளெய்ம் சுலபமாக இருந்திருக்கும். இடிபடாமல் தப்பித்தது என் குற்றம்.

புதுப்பேட்டைக்குப் போனேன். நொறுங்கிய கார்களின் உறுப்புகள் எல்லாம் கடைகடையாகத் தொங்கும் ஊர் அது. பாய் ஒருவர் என் மாடலிலிருந்தே கழற்றிய கேமராவை எடுத்துக் காட்டினார். "மாட்டுறதுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது சார். ஆனா மாட்டித் தர மாட்டேன். உங்க வண்டி இதைச் சேர்த்துக்காது. கம்பெனி லேப்டாப்ல உங்க சேஸி நம்பரோட கோர்த்தாத்தான் கண்ணு முழிக்கும். அந்த சாஃப்ட்வேரை எங்களுக்குத் தர மாட்டாங்க." முப்பது வருஷமாக இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கை. அந்தக் கைக்கு ஒரு பாஸ்வேர்டு இல்லை.

இறந்தவரின் கருவிழியை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் முன்பின் தெரியாத இன்னொருவருக்குப் பார்வை கிடைக்கிறது. சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. மனிதக் கண் அவ்வளவு தாராளம். செத்த காரின் கண்ணோ இன்னொரு காருக்கு ஆகாது. அது சேஸி நம்பர் கேட்கிறது. தீண்டாமையைச் சட்டம் போட்டு ஒழித்த நாட்டில் அதை சாஃப்ட்வேராக எழுதி விற்கிறார்கள்.

சர்வீஸ் சென்டர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேமராவைத் திருகி மாட்டிவிட்டால் வேலை முடியாது. அதற்குப் பார்வை பழக்க வேண்டும். கேலிப்ரேஷன் என்பது அதுதான். கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பி உட்கார்ந்தால் நூறு மீட்டர் தூரத்தில் அதன் பார்வை 1.75 மீட்டர் விலகும். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலமே 3.5 மீட்டர். ஒரு டிகிரி கோணல், பாதித் தடம் பிசகல். பக்கத்துத் தடத்தில் போகிறவன் நம் முன்னால் நிற்பதாகத் தெரியும், நம் முன்னால் நிற்பவன் பக்கத்தில் போவதாகத் தெரியும். ஆகவே இது எம்-சீல் வைத்து ஒட்டும் வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறு வழியில்லாமல் அவர்களிடமே மாட்டச் சொன்னேன். அவ்வளவு நுட்பமான வேலையை இவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

சமதளமான தரை வேண்டும். காரின் நடுக்கோட்டுக்கு நேராக, அளந்த தூரத்தில், கட்டம் போட்ட பலகை நிற்க வேண்டும். பலகை மூன்று கிளைக்கும் சேர்த்து ஒன்றுதான். அது அன்றைக்கு வேறு கிளையில் இருந்தது. வந்து சேர்ந்த அன்று தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வாட்டர் வாஷ் தண்ணீர் ஓடுவதற்காகக் கட்டிய சரிவு அது. கடைசியில், ஓட்டிக்கொண்டே பழக்கும் முறையும் உண்டு சார் என்று ஒரு பையனை லேப்டாப்போடு என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சீரான வேகத்தில், இரண்டு பக்கமும் கோடு தெளிவாகத் தெரியும் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பெண் பார்க்கப் போவது போல நாங்கள் கோடு பார்க்கப் போனோம். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை, கோடு இருந்த இடத்தில் தகரத் தடுப்பு. உள்சாலையில் போட்ட கோட்டின் மேல் தார், தாரின் மேல் பள்ளம், பள்ளத்தில் மணல் மூட்டை. வேகம் கூடுகிற ஒவ்வொரு முறையும் ஒரு வேகத்தடை. இந்திய சாலைக் குழுமத்தின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். நம்முடையது விதியைப் படித்தவர்கள் போட்டதல்ல. யாரோ ஒருவர் அடிபட்டுச் செத்த மறுநாள், மறியலுக்குப் பயந்து ராத்திரியில் கொட்டிய தார் அது. அதற்கு வெள்ளைக் கோடும் கிடையாது. "சார், கேமராவுல குறை இல்ல. பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் பையன். மூன்று வாரத்தில் நான் கேட்ட ஒரே உண்மை.

ஜிஎஸ்டி சாலைக்கே திரும்பினோம். சாலைக்கும் ஜிஎஸ்டி, கேமராவுக்கும் ஜிஎஸ்டி. பரனூர் சுங்கச்சாவடியில் கருவி பளிச்சென்று என் வண்டியை அடையாளம் கண்டுகொண்டு பணத்தை எடுத்தது. கேலிப்ரேஷன் கேட்கவில்லை, வெயிலில் கூசவில்லை, குங்குமத்தைக் குறை சொல்லவில்லை. இந்த நாட்டில் வசூல் செய்யும் கண் ஒருநாளும் பழுதாவதில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமா? 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். அன்று என் பின்னால் டிப்பருக்குப் பதிலாக, மனைவியும் குழந்தையுமாக ஒரு பைக் வந்திருந்தால் அந்தக் கணக்கில் மூன்று கூடியிருக்கும். குற்றவாளி நானாக இருந்திருப்பேன். ஏனென்றால் கையேட்டில் தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள்: இது உதவி மட்டுமே, முழுப் பொறுப்பும் ஓட்டுநருடையது. வண்டி எவ்வளவு தானாக ஓடும் என்பதற்கு 2014-லிருந்து உலகம் முழுக்கப் புழங்கும் வரிசையில், பூஜ்ஜியம் முதல் ஐந்து வரை உள்ள ஆறு படிகளில், நமக்கு விற்பது இரண்டாம் படி. அந்தப் படியில் வண்டி தானாகத் திருப்பலாம், தானாக நிறுத்தலாம். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் மனிதன் வேலை. விளம்பரத்தில் வருகிற அப்பா ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறார். கையேட்டின்படி அவர் செய்வது தவறு. பிரேக் பிடித்து நம்மைக் காப்பாற்றினால் கம்பெனியின் தொழில்நுட்பம். பிடிக்காமல் கொன்றால் நம் கவனக்குறைவு. லாபத்துக்கு ஒரு முகவரி, பழிக்கு வேறொரு முகவரி.

பாய்க்கு சாஃப்ட்வேரைத் தராத இந்தப் பூட்டு புதிதும் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? உதிரிபாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் தங்களுக்குள் பூட்டி வைத்தது. புதுப்பேட்டை பாய் என்னிடம் சொன்ன அதே வாக்கியம், சட்ட மொழியில். கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. அப்போது சாதாரணக் காருக்குக் கண் முளைக்கவில்லை. இன்றைக்குக் கண் முளைத்துவிட்டது, பூட்டு அப்படியே இருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தது. பட்டியலில் வாகனமும் உண்டு. தளம் திறந்தார்கள், பூட்டை உடைக்கிற சட்டத்தைக் காணோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2020-ல் இதற்காகவே வாக்குப் போட்டார்கள். நான்கில் மூன்று பேர் வண்டியின் தகவல் சொந்தக்காரருக்கும் அவர் விரும்பும் மெக்கானிக்குக்கும் வேண்டும் என்றார்கள். அங்கேயும் கம்பெனிகள் வாக்கு நடந்த மாதமே கோர்ட்டுக்கு ஓடின. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டை விற்கிறவர்களுக்கு ஊர் பேதம் இல்லை.

எஸ்டிமேட்டில் இருந்ததைக் கடைசிக் காசு வரை கட்டினேன். புதுக் கண்ணாடி, புதுக் கண். வாசலைத் தாண்டியதும் திரையில் முதல் செய்தி வந்தது: 'ஓட்டுநர் கவனமாக இருக்கவும்'. இருக்கிறேன். மறுநாளே நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. மாட்டிக்கொண்டவர்கள் தயவுசெய்து பத்துக்குப் பத்து போடாமல் அங்கே போங்கள்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கேமராவின் விலை என்ன? வாரன்டி முடிந்தபின் உங்களைத் தவிர வேறு யார் இதை மாற்றலாம்? இது தப்பாகப் பிரேக் போட்டு ஒருவர் செத்தால் பொறுப்பு என்று யார் கையெழுத்துப் போடுவீர்கள்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் பழத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஜூஸ் போட்டுக் குடியுங்கள். வண்டி அங்கேயே நிற்கட்டும்.